வெங்காயத்துக்கு ஒரு முகமூடி

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று வெள்ளவத்தை முழுவதும் நடுங்கிக்கொண்டிருந்த நாட்களில் எனக்கு மட்டும் தலைகால் தெரியாத சந்தோஷம். பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். மறுநாள் காலை அம்மாவும் நானும் யாழ்ப்பாணத்துக்கு றெயில் ஏறப்போகிறோம். போதாக்குறைக்கு, ஊரை எச்சரிக்கும் ஏ.ஆர்.பி. படையில் சேர்ந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, நச்சுப்புகை முகமூடி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார்.

கறுப்பு றப்பர் முகம், கண்ணுக்கு இரண்டு கண்ணாடி வட்டம், வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு தகரக் குப்பி. அதைத் தொட விட்டால் யாழ்ப்பாணமே வேண்டாம் என்றிருப்பேன். மாமாவோ, "இதைப் போட்டால் ஒரு புகையும் உள்ளுக்கு வராது, பிள்ளை" என்று சொல்லி உயரத்து ஆணியில் மாட்டிவிட்டார்.

குசினியில் அம்மா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். கந்தோர் வேலையை விட்டு அப்பா எங்களோடு வர முடியாது. தனியே இருக்கப்போகிறவருக்குப் பாணோடு சாப்பிட, வெங்காயத்தை வதக்கிச் செய்யும் சீனிச்சம்பல் வேண்டும். அதுதான் நாள்பட இருக்கும். எத்தனை நாளுக்கு என்று யாருக்கும் தெரியாததால் ஒரு கடகம் நிறைய வெங்காயம் உரித்தாயிற்று. அம்மாவின் கண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அறிந்த வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தேன். வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டேன். அம்மாவின் பல்லில் நெருப்புக்குச்சியைக் கொடுத்துக் கடிக்கச் சொன்னேன். ஒன்றும் பலிக்கவில்லை. அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது.

"மாமா, உது வெங்காயத்துக்குத் தாங்குமோ?"

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஜப்பான்காரன்ரை புகைக்கே தாங்குமாம். வெங்காயம் எந்த மூலைக்கு?"

முதலில் எனக்கு மாட்டினார். றப்பர் நாற்றம் மூக்கில் ஏறியது. ஆனால் வெட்ட வெட்ட ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நான் குசினி முழுவதும் துள்ளிக் குதித்தேன்.

"நீங்களும் போடுங்கோ அம்மா. இனி அழவே மாட்டியள்."

வையப்போகிறார் என்று நினைத்தேன். அம்மா முகத்தை நீட்டினார்.

கந்தோரால் வந்த அப்பா வாசலிலேயே நின்று சிரித்தார். "இஞ்சை பாரும், நாளைக்கு இப்பிடியே றெயில் ஏறும். பக்கத்திலை ஒருத்தரும் இருக்கமாட்டினம்."

அம்மா திரும்பவில்லை. கடைசி வெங்காயம் முடியுமட்டும் முகமூடியைக் கழற்றவும் இல்லை.

கழற்றியபோது முகம் முழுக்க நனைந்திருந்தது. எனக்குப் பகீரென்றது. இதை நம்பியா மாமா குண்டுகளுக்கு நடுவே நிற்கப்போகிறார்?

"மாமா, உது ஒழுகுது. வேறை ஒண்டு கேட்டு வாங்குங்கோ."

மாமா முகமூடியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, மாத்தச் சொல்லுறன்" என்றார். குசினிப் பக்கமே வராத அப்பா, சிரிப்பை விட்டுவிட்டு, அடுப்பை மூட்டக் குனிந்தார்.

மறுநாள் றெயிலில் யன்னலோரம் எனக்குத்தான். மாமாவின் உயிரைக் காப்பாற்றிய பெருமையில் நெஞ்சு நிமிர்ந்திருந்தது. பொல்காவலை தாண்டியும் அம்மாவின் கண்ணில் நீர் நிற்கவில்லை. பொல்லாத வெங்காயம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.