எட்டு வயசு என்றாள் லாவண்யா: பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழி முகாம் வரை

இந்தப் பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை, என் பேத்தி லாவண்யாவைக் கூட்டிக்கொண்டு பாளையம்பட்டியிலிருந்து திருச்சுழிக்குப் போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல. அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். எங்களுக்கு இது இரண்டாவது தடவை. முதல் தடவை காரியத்தைக் கெடுத்தது யார் என்று கீழே சொல்கிறேன். இதே வேலையாகப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, பிழைகளை மருமகள் திருத்தினாள். நடந்ததைத் திருத்த விடவில்லை.

லாவண்யாவுக்கு ஒன்பது வயது. பிறந்தவுடன் அழவில்லை, நெடுநேரம் கழித்துத்தான் அழுதாள். மூளை வளர்ச்சி குறைவு என்றார்கள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் மில் வேலைக்குப் போகிறார்கள், பகலெல்லாம் என்னோடுதான் இருப்பாள். அருப்புக்கோட்டையில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பேச்சும் கைவேலையும் பழக்குகிற மையம் ஒன்று இருக்கிறது. அட்டை இருந்தால்தான் சேர்ப்போம் என்றார்கள். அட்டைக்கு நாற்பது சதவீதமாவது குறைபாடு இருப்பதாக எழுதித் தர வேண்டும். போன வருஷம் அவளுக்கு முப்பது எழுதினார்கள்.

குறைந்துபோன அந்தப் பத்துக்கு நான்தான் காரணம். நாங்கள் நெசவுக்காரர்கள். சேலையைக் கடைக்குக் கொண்டுபோகும்போது இழை அறுந்த இடம் இருந்தால், அது உள்மடிப்பில் போகிற மாதிரி மடிப்போம். எங்கள் தெருவில் எல்லாரும் செய்வதுதான். பேத்தியையும் அப்படியே மடித்துக் கொண்டுபோனேன். வீட்டில் நாங்கள் தெலுங்கு. தாகம் எடுத்தால் "நீள்ளு" என்று மட்டும் கேட்கிற பிள்ளைக்கு, "எனக்குத் தண்ணீர் வேண்டும்" என்று ஒரு மாதம் நெட்டுருப் போடவைத்தேன். பேர், வயது, ஒன்றிலிருந்து பத்து. புதுக் கவுன், ரெட்டைச் சடை, பூ. அவள் ஒப்பித்ததும், சோதித்த அதிகாரி "கெட்டிக்காரி" என்றார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சேலைக் கடைக்காரர் பிரித்துப் பார்த்துத்தான் வாங்குவார். அந்த அதிகாரி பிரிக்கவில்லை. அவர் மேல் கோபம் இருக்கிறது. என் மேல் அதைவிட இருக்கிறது.

இந்தத் தடவை ஆறே முக்காலுக்குக் கிளம்பினோம். அன்றாடம் போடுகிற சட்டை, மாற்றுத்துணி இரண்டு செட், தண்ணீர் பாட்டில், ஆறு இட்லி. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, எனக்கும் அவளுக்கும் செலவில்லை. ஏழேகாலுக்கு அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு. திருச்சுழி பஸ் ஏழு நாற்பதுக்கு. அதிலே போன வருஷக் கண்டக்டரே நின்றார். அன்றைக்கு இவள் கத்தினாள் என்று எங்களைக் கடைசி ஸீட்டுக்குத் துரத்தியவர். அவர் மறந்திருக்கலாம்.

"பாப்பா கத்துமாம்மா?"

"கத்தும். நீங்க விசில் ஊதுனாக் கத்தும். போன வருசமும் அதுக்குத்தான் கத்துச்சு. கடைசி ஸீட்டுக்குப் போகச் சொன்னீகளே, ஞாபகம் இருக்கா?"

"அடேயப்பா! வருசம் ஒண்ணு ஆச்சே, இன்னுமா மனசுல வச்சிருக்கீக?"

"சாகுற வரைக்கும் வச்சிருப்பேன்."

அவர் சிரித்துவிட்டு விசிலைப் பையில் போட்டார். திருச்சுழி வரை கம்பியைத் தட்டியே பஸ்ஸை நிறுத்தினார், எடுத்தார். என் கோபத்தில் பாதி குறைந்தது. மீதியை வைத்திருக்கிறேன்.

பதினைந்து பதினாறு கிலோமீட்டர் தூரம்தான். இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம், நடுநடுவே வெடித்துக் கிடக்கிற கரிசல், ஒரு கண்மாயில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எட்டு இருபதுக்கு இறங்கினோம். பள்ளிக்கூடத்துக்கு நடந்தால் பத்து நிமிஷம். லாவண்யா லாரி ஹாரனைக் கேட்டால் அதை நோக்கி ஓடுவாள் என்பதால் ஆட்டோ பிடித்தேன். நாற்பது ரூபாய். டோக்கன் பதினேழு. பந்தலில் பெஞ்சு குறைவு, கழிப்பறை நூறு அடி தள்ளி. அதற்குள் ஒரு மாற்றுத்துணி செலவாகிவிட்டது.

பக்கத்தில் பந்தல்குடி ஊர்க்காரப் பெண் ஒருத்தி, பதினாறு வயது மகளோடு. மகளுக்குப் பட்டுப்பாவாடை, கை நிறைய வளையல். "கேட்டா வணக்கம் சொல்லணும், என்ன? பேரை ஒழுங்காச் சொல்லணும்" என்று காதில் ஓதிக்கொண்டிருந்தாள். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஏத்தா, சொல்லிக் குடுக்காத. பிள்ளை எப்பிடி இருக்கோ அப்பிடியே உள்ள கூட்டிட்டுப் போ."

"எம் புள்ளைக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு நாலு பேரு முன்னாடி நானே சொல்லணுமாக்கும்? நல்லாருக்கு உங்க ஞாயம்!"

முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன வருஷத்து என்னையே பார்த்த மாதிரி இருந்தது.

பதினொன்று பத்துக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். இந்தத் தடவை சோதிக்கிறவர் சின்னவயதுப் பெண். சிரித்துக்கொண்டே, "பாப்பா, உன் பேர் என்ன?" என்றார்.

லாவண்யா நிமிர்ந்து நின்றாள். "என் பேர் லாவண்யா எட்டு வயசு எனக்குத் தண்ணீர் வேண்டும் ஒண்ணு ரெண்டு மூணு நாலு" என்று பத்து வரை மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஒரு வருஷமாக நான் அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தேன். அந்தப் பெண் "அட, சூப்பர்!" என்று பேனாவைத் திறந்தார். நான் குறுக்கே கையை நீட்டினேன்.

"எழுதாதீங்கம்மா. அது நாஞ் சொல்லிக் குடுத்தது. இப்ப உங்க வயசைக் கேளுங்க."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "பாப்பா, எனக்கு எத்தனை வயசு?" என்றார்.

"எட்டு வயசு."

"உங்க பாட்டிக்கு?"

"எட்டு வயசு எனக்குத் தண்ணீர் வேண்டும்."

"அவளுக்கே இப்ப ஒம்பதும்மா" என்றேன். மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அவளுக்குத் தாகமே இல்லை.

பேனா மேஜைக்குப் போனது. அதற்குப் பிறகு நாற்பது நிமிஷம் பார்த்தார். கட்டைகளை அடுக்கச் சொன்னார், படம் காட்டினார், பட்டன் போடச் சொன்னார். தமிழில் கேட்டதையெல்லாம் நான் தெலுங்கில் திருப்பிச் சொல்ல விட்டார். பிறகு என் முறை. துணியில் போய்விடுவது, மூன்று தடவை வலிப்பு வந்தது, ஹாரன் கேட்டு ஓடி ஒருநாள் லாரிச் சக்கரத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றது, பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்தது, எல்லாம் சொன்னேன். சொந்தத் தங்கச்சியிடம்கூடச் சொல்லாதவை. லாவண்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. அவள் தலையைத் தடவிக்கொண்டே அவளைக் குறைத்துப் பேசினேன். என் ஆயுளில் அவ்வளவு கஷ்டமாக எதையும் பேசியதில்லை.

பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டு சான்றிதழ் கைக்கு வரும்போது மணி இரண்டேகால். அறுபத்தைந்து சதவீதம். அட்டை தபாலில் வரும் என்றார்கள். ஜெயித்த மாதிரியும் இருந்தது, வயிற்றில் அடித்த மாதிரியும் இருந்தது. வெளியே வந்தால் பந்தல்குடிக்காரி இன்னும் உட்கார்ந்திருந்தாள். மகளின் வளையல்களைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"உள்ள என்ன பெரியம்மா கேட்டாக?" என்றாள். இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. உட்கார்ந்து எல்லாம் சொன்னேன். அதில் மூன்று மணி பஸ் போய்விட்டது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். எட்டு மணிக்கே போய் டோக்கன் வாங்குங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருத்துவச் சீட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஊரிலேயே நகல் எடுத்துவிடுங்கள், அங்கே வரிசை நீளம். மாற்றுத்துணி மூன்று செட் வேண்டும், இரண்டு போதாது. வீட்டில் வேறு மொழி பேசினால் முதலிலேயே சொல்லுங்கள். பிள்ளை செய்ய முடியாததை முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், அங்கே போனால் வாய் வராது. பிள்ளைக்கு எதையும் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போகாதீர்கள். குறைவாக எழுதிவிட்டால் அழுதுகொண்டு வீட்டில் உட்காராதீர்கள், மறுபடி மனுப் போடலாம். நான் ஒரு வருஷத்தை அப்படித்தான் வீணாக்கினேன்.

சித்திரையில் மையத்தில் சேர்க்கிறோம். அதுவரை நானே அவளுக்கு ஒன்று பழக்கிக்கொண்டிருக்கிறேன், தெலுங்கிலேயே. "தொம்மிதி", ஒன்பது. இன்னும் எட்டு என்றுதான் சொல்கிறாள். பரவாயில்லை. இது எந்த அதிகாரியிடமும் ஒப்பிக்க அல்ல. அவள் வயது அவளுக்குத் தெரியட்டும்.