சிவப்புக்கும் பச்சைக்கும் நடுவில்

நேற்றுக் காலை என் இளைய மகன் தன் புதுப் பந்தாட்டச் சட்டையைக் கொண்டுவந்து, நான் வெள்ளைத் துணி ஊறவைத்திருந்த வாளியில் சொல்லாமல் கொள்ளாமல் போட்டுவிட்டுப் போய்விட்டான். அரை மணி கழித்துப் பார்த்தால் வாளித் தண்ணீர் சிவப்புச் சிராப் சர்பத் கலக்கியது மாதிரி இருக்கிறது. என் வெள்ளைப் புடவை இரண்டு, தலையணை உறைகள், துண்டு, எல்லாம் ரோஜா நிறம். இந்த வயதில், புருஷன் போய் நான்கு வருஷத்துக்குப் பிறகு, நான் ரோஜா நிறத்தில் கோயிலுக்குப் போக வேண்டுமாம். கூப்பிட்டுத் திட்டலாம் என்றால் ஆள் ஆட்டம் பார்க்கப் போயிருக்கிறான். இந்த வீட்டில் யாரையாவது திட்ட வேண்டிய நேரம் பார்த்து அவர்கள் ஆட்டம் பார்க்கப் போய்விடுவது புதிதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேலாக அப்படித்தான்.

குனிந்து புடவையைப் பிழிந்தபோது அந்த வாசனை வந்தது. புதுத் துணியின் கஞ்சியும் மலிவுச் சாயமும் கலந்து மூக்கை உறுத்துகிற வாசனை. உங்களுக்கு அது வெறும் சாயம். எனக்கு அதுதான் என் இருபது வயது.

அப்போது நான் தையல்காரி. பினாங்கில், டத்தோ கிராமட் ரோட்டுக்குப் பின்னால் ஒரே அறை, ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கீழே தையல் மெஷின். ரவிக்கை தைத்தேன், பள்ளிக்கூடச் சட்டை தைத்தேன், திரைச்சீலைக்கு ஓரம் அடித்தேன். நிம்மதியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிராணி. மூட்டை எண்ணி எழுதுகிற வேலை. துறைமுகத்து ஆட்கள் ஒரு பந்தாட்டக் குழு வைத்திருந்தார்கள், சிவப்புச் சட்டை. என் அண்ணன் வேலு முனிசிபாலிட்டியில் மண்டோர். கால்வாய் வேலைக்காரர்களை மேய்ப்பவன். அவன் குடியிருந்த சுங்கை பினாங்கிலும் ஒரு குழு இருந்தது, பச்சைச் சட்டை. இரண்டு குழுவுக்கும் சட்டை தைக்க ஆள் வேண்டியிருந்தது. ஒருவருக்கு மனைவி, இன்னொருவனுக்குத் தங்கை. வேறு யார் அகப்படுவார்கள்?

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி என்பதே இல்லை. பச்சைக்காரர்கள் அளவு கொடுக்க வந்தால் சிவப்புத் துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ள வேண்டும். சிவப்புக்காரர்கள் வந்தால் பச்சையைத் தள்ள வேண்டும். "அவங்களுக்குக் காலர் எப்படி வைக்கிறே?" என்று அண்ணன் கேட்பான். "உங்க அண்ணன் கூட்டத்துக்குப் பை வைக்கிறியா?" என்று இவர் கேட்பார். ஒரு தடவை சிவப்பு நூல் தீர்ந்துபோய், கடை மூடியிருந்ததால், ஒரே ஒரு பொத்தானைப் பச்சை நூலில் தைத்துவிட்டேன். அந்த வாரம் பார்த்துச் சிவப்பு தோற்றது. யாரோ அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு மாதம் என் வீட்டுக்காரர் என்னிடம் பேசியது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

இந்தப் பகை எதனால் வந்தது என்று நானும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். ஒருவர் தப்பான பெனால்டி என்றார். இன்னொருவர் காணாமல் போன ஆடு என்றார். இரண்டு பக்கமும் தமிழர்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள், ஒரே கோப்பிக் கடையில் கோப்பி குடிக்கிறவர்கள். ஆனால் மேசை வேறு. சிவப்பு மேசை வாசல் பக்கம், பச்சை மேசை அடுப்புப் பக்கம்.

ஒவ்வொரு மேசைக்கும் தலைவர்போல ஒருவர் இருந்தார். பச்சைக்கு என் அண்ணன். சிவப்புக்குக் காசிம் அண்ணே. காசிம் அண்ணே தொங்கான் படகில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். ஆட்டத்துக்கு வரும்போது ஒரு காலி மண்ணெண்ணெய் டின்னைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருவார். அதை அவர் அடித்தால் கொம்தார் கோபுரம் இன்று நிற்கிற இடம் வரைக்கும் கேட்கும் என்று என் வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். அண்ணனுக்கு டின் வேண்டாம். தொண்டையே போதும். காசிம் அண்ணே டின்னை அடித்து ஏதாவது பாடினால், அண்ணன் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே மெட்டில் பதில் கட்டுவான். ஆட்டக்காரர்களை விட்டுவிட்டு இவர்கள் இருவரையும் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். இதில் வேடிக்கை, இருவரும் வாழ்நாளில் ஒரு பந்தை உதைத்தது கிடையாது. ஆட்டத்தில் விட்ட இடத்திலிருந்து மறுநாள் கோப்பிக் கடையில் தொடங்கி வியாழன்வரை சண்டை போடுவார்கள். வெள்ளிக்கிழமை காசிம் அண்ணே பள்ளிவாசலுக்குப் போவதால் ஊருக்கு ஒருநாள் ஓய்வு.

ஒரு வருஷம் சண்டை வாயோடு நிற்கவில்லை. ஆட்டத்தின் நடுவே கைகலப்பாகி, கோல் கம்பத்தையே பிடுங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகு தீவில் எந்தப் பாடாங் திடலிலும் இந்த இரண்டு குழுவையும் சேர்த்து விளையாட விட ஆளில்லை. விட்டார்களா? அக்கரையில் பட்டர்வொர்த் பக்கம் ஒரு பொட்டலைப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்று வைத்துக்கொண்டார்கள்.

அக்கரைக்குப் போக ஃபெர்ரி இருந்தது. ஆட்டக்காரர்கள் அதில்தான் போனார்கள். ஆனால் மற்றவர்கள் ஃபெர்ரியில் போனால் எதிரிகளோடு ஒரே பலகையில் உட்கார வேண்டுமே. காசிம் அண்ணே தெரிந்தவரிடம் சொல்லி ஒரு பெரிய சம்பான் படகு பிடித்தார். அது தெரிந்ததும் பச்சைக்காரர்கள் தங்களுக்கும் ஒரு சம்பான் பிடித்தார்கள். நான் விடியற்காலையில் எழுந்து புளிச்சாதம் கட்டினேன், இவருக்கு ஒரு பொட்டலம், அண்ணனுக்கு ஒரு பொட்டலம். வாங்கிக்கொண்ட அண்ணன், "மச்சானுக்கு முட்டை வச்சியா?" என்றான். இரண்டிலும் ஒவ்வொன்று என்றேன். நம்பாமல் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போனான்.

ஆட்டத்தில் ஒரு கோல்கூட விழவில்லை. தோற்றிருந்தால் ஒருவராவது வாயை மூடிக்கொண்டு வந்திருப்பார்கள். யாரும் தோற்காததால் இருவருக்கும் வாய் மூடவில்லை. திரும்பும் வழியில் இரண்டு சம்பானும் பக்கம் பக்கமாக வந்திருக்கின்றன. யார் முதலில் கரை சேர்வது என்று பந்தயம். சிவப்புச் சம்பான் கொஞ்சம் முந்தியது. உடனே அதிலிருந்தவர்கள் பச்சைக்காரர்களைக் கேலி செய்ய எல்லோருமாக எழுந்து, ஒரே ஓரத்தில் போய் நின்றார்கள். படகுக்காரர் உட்காருங்கள் உட்காருங்கள் என்று கத்தியிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத் தூரத்தில் போன கப்பல் கிளப்பிய அலை வந்தது. பெரிய அலைகூட இல்லையாம். சம்பான் அப்படியே புரண்டுவிட்டது.

சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் வந்து, சிவப்புக்காரர்களின் படகு கவிழ்ந்துவிட்டதாம் என்று சொன்னாள். வெல்ட் கீ படகுத்துறை வரைக்கும் ஓடினேன். ஒரே கூட்டம். நனைந்துபோன ஆட்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய சாரத்தையோ போர்த்திக்கொண்டு அவர்களில் ஒருவராக என் வீட்டுக்காரர் இருந்தார். அவர் தோளைத் தொட்டுப் பார்த்துவிட்டு அண்ணன் எங்கே என்று சுற்றிலும் தேடினேன். கூட்டத்தில் யாரோ, பச்சைப் படகுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது கவிழவேயில்லை என்றார்கள். அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டேன். அந்த அப்பாடாவுக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் குதித்திருக்கிறான். பச்சைப் படகிலிருந்து ஏழெட்டுப் பேர் குதித்தார்கள். சுங்கை பினாங் ஆற்றில் நீந்தி வளர்ந்தவர்கள். காசிம் அண்ணே பத்து வருஷமாகக் கடலில் வேலை செய்கிறவர், அவருக்கு நீந்தத் தெரியாது. டின் வேறு கழுத்தில். அண்ணன்தான் முதலில் அந்த டின்னை அறுத்துவிட்டு, அவரைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து பச்சைப் படகில் ஏற்றினான். பிறகு இன்னொருவரைத் தேடித் திரும்பிப் போனான். மறுநாள்தான் கிடைத்தான். அவனோடு இரண்டு சிவப்புக்காரர்களும் போய்விட்டார்கள்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் எனக்குச் சொல்லவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. அதுவும் காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது.

"நீங்களும் எழுந்து நின்னீங்களா?"

"எல்லாரும் நின்னாங்க" என்றார்.

"நான் உங்களத்தான் கேட்டேன்."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "நின்னேன்" என்றார்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. என்ன கேட்பது? வளர்ந்த மனிதர்கள், பிள்ளை பெற்றவர்கள், கணக்கு எழுதத் தெரிந்தவர்கள், ஒரு படகில் உட்கார்ந்து வரத் தெரியவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் அழுகைக்கு முன்னால் எரிச்சல்தான் வருகிறது.

அண்ணனைத் தூக்கிய அன்று சுங்கை பினாங்கில் அத்தனை சிவப்புக்காரர்களை ஒன்றாகப் பார்த்தவர்கள் அதற்குமுன் யாரும் இல்லை. காசிம் அண்ணே கூட்டத்துக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முன்னால் வர அவருக்குத் தைரியம் வரவில்லை. என் அண்ணிதான் அவரை வரச்சொல்லி ஆள் அனுப்பினாள். பாடையில் ஒரு முனைக்கு அவர் தோள் கொடுத்தார். மற்ற இரண்டு வீட்டுக்கும் பச்சைக்காரர்கள் போனார்கள்.

இப்படி ஒன்றாகிவிட்டார்களா, சரி என்று நானும் நினைத்தேன். மூன்று குடும்பத்துக்கும் உதவியாக ஓர் ஆட்டம் வைப்பது, இரண்டு குழுவும் சேர்ந்து ஒரே குழுவாக, ஊரின் மற்றக் குழுக்களிலிருந்து பொறுக்கியெடுத்த ஆட்டக்காரர்களை எதிர்த்து ஆடுவது என்று முடிவாயிற்று. நல்ல முடிவு. சட்டைக்குச் சொல்ல என் அறைக்கு ஆறு பேர் வந்தார்கள், மூன்று சிவப்பு, மூன்று பச்சை. பாதி சிவப்பு, பாதி பச்சை என்றார் ஒருவர். எந்தப் பாதி எது என்றார் இன்னொருவர். இருதயம் இருப்பது இடப்பக்கம், அங்கே பச்சைதான் வர வேண்டும், உயிரைக் கொடுத்தது நாங்கள் என்றார் ஒரு பச்சைக்காரர். எங்களில் இரண்டு பேர் போயிருக்கிறார்கள் என்றார் ஒரு சிவப்புக்காரர். முன்பக்கம் ஒன்று, முதுகுப் பக்கம் ஒன்று வைக்கலாமே என்றார் மூன்றாமவர். முதுகு யாருக்கு என்று மறுபடி ஆரம்பித்தார்கள். என் அண்ணன் போய் முப்பது நாள்கூட ஆகவில்லை.

கையிலிருந்த கத்தரிக்கோலை மெஷின்மேல் வைத்தேன். வைத்த சத்தத்தில் பேச்சு நின்றது.

"எழவு வீட்டுக்கு என்ன கலர்ல வந்தீங்க?" என்று கேட்டேன்.

"வெள்ளை" என்று ஒருவர் இழுத்தார்.

"அதே கலர்ல தைக்கிறேன். பிடிக்காதவங்க சட்டையில்லாம ஆடுங்கலா."

காடாத் துணி வாங்கிப் பதினோரு வெள்ளைச் சட்டை தைத்தேன். சாயம் இல்லை, காலர் இல்லை, பை இல்லை. வாங்கிப் போக வந்த காசிம் அண்ணே ஒரு சட்டையை எடுத்து விரித்துப் பார்த்துவிட்டு, மடிக்கத் தெரியாமல் மடித்துத் திரும்ப வைத்தார். "நல்லா இருக்கு தங்கச்சி" என்றார். அவ்வளவுதான்.

என் வாழ்நாளில் நான் போய்ப் பார்த்த ஒரே ஆட்டம் அது. நான்கு கோல் வாங்கினார்கள். சிவப்பில் ஆடியவர்களுக்குப் பச்சையில் ஆடியவர்களிடம் பந்தைக் கொடுக்க மனம் இருந்தது, கால் கேட்கவில்லை. பத்து வருஷப் பழக்கம். சுற்றி நின்ற கூட்டத்துக்கு என்ன சொல்லிக் கத்துவது என்றே தெரியவில்லை. இத்தனை காலமும் அடுத்தவனைத் திட்டித்தானே கத்தியிருக்கிறார்கள், தன் ஆளைப் பாராட்டிப் பழக்கமில்லை. கடைசியில் ஒரு சிவப்புக்காரன் தள்ளிவிட்ட பந்தை ஒரு பச்சைக்காரன் கோலுக்குள் அடித்தான். கூட்டம் ஒரு கணம் விழித்தது. பிறகு ஒன்றாக எழும்பிய சத்தத்தில் என் காது அடைத்துவிட்டது. காசிம் அண்ணே புது டின் ஒன்று வைத்திருந்தார். நாலு அடி அடித்துப் பாடினார். பாடி முடித்ததும், வழக்கம்போல் எதிர்ப்பக்கம் திரும்பி, குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பதில் வரவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

ஒன்றாகச் சேர்ந்த குழு சில வருஷம் ஓடியது. செயலாளர் யார் என்று சண்டை, தேநீர்ச் செலவில் சண்டை, எல்லாம் இருந்தது. கோப்பிக் கடையில் மட்டும் மேசைகளைச் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். பிறகு ஜப்பான்காரன் வந்தான். ரயில் பாதை போடப் பிடித்துப்போன ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் திரும்பவில்லை. பாடாங்கில் மரவள்ளி நட்டார்கள். யுத்தம் முடிந்தபின் அந்த இடத்தில் கடைவீடுகள் வந்துவிட்டன. கோப்பிக் கடை இருந்த இடத்தில் இப்போது சைக்கிள் விற்கிறார்கள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் மருந்துக்குக் காத்திருந்தபோது காசிம் அண்ணேயைப் பார்த்தேன். மகள் கையைப் பிடித்து அழைத்து வந்திருந்தாள். வாப்பாவுக்கு ஞாபகம் தவறிவிடுகிறது, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று முன்கூட்டியே சொன்னாள். ஆனால் என்னைத் தெரிந்தது.

"வேலு தங்கச்சிதானே நீ?"

"ஆமாண்ணே."

"உங்க அண்ணன் தொண்டை இருக்கே, இந்த ஊர்ல யாருக்கும் கிடையாது. நான் டின் அடிக்க, அவன் பாட, எதிராளிங்க நடுங்கிப் போவாங்க." சிரித்தார். பிறகு எதையோ சரிபார்த்துக்கொள்கிறவர்போல என் முகத்தைப் பார்த்தார். "நானும் அவனும் ஒரே பக்கந்தானே?"

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கட்டிலுக்கடியில் தள்ளிய துணி, பச்சை நூல் பொத்தான், பிரித்துப் பார்த்த சோற்றுப் பொட்டலம், அந்த இரண்டு படகுகள், என் அண்ணன். இத்தனையும் எதற்காக நடந்ததோ, அதை இந்த மனிதர் மறந்துவிட்டு நிற்கிறார். நீங்க சிவப்பு, அவன் பச்சை என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். அவர் இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாண்ணே" என்றேன். "ஒரே பக்கந்தான்."

ஆக, அந்தப் பகையை முழுதாக ஞாபகம் வைத்திருப்பவள் இந்த ஊரில் இனி நான் ஒருத்திதான். எனக்கோ பந்தாட்டமே பிடிக்காது.