பெர்னார்தா எண்ணாமல் விட்ட பதினொரு நிமிடம்

கார்தெல் ஊரின் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஆறுமாடி விடுதியில் துணி துவைப்பவள் பெர்னார்தா. வயது ஐம்பத்திரண்டு. அவள் விரிப்புகளைக் காயப்போடும் மொட்டைமாடியில்தான் பறவை எண்ணுகிறவர்களும் வருடாவருடம் வந்து உட்காருவார்கள். வடக்கே குளிர் தட்டியதும் கிளம்பும் பருந்துகளும் பிணந்தின்னிக் கழுகுகளும் மலைக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள அந்தக் குறுகலான வழியாகத்தான் தெற்கே போகும்.

முதல் இரண்டு வருடம் பெர்னார்தாவுக்கு அவர்களைக் கண்டாலே எரிச்சல். வானத்தை மறைக்கிறதென்று அவள் துணிக்கொடியைத் தள்ளிக் கட்டிவிடுவார்கள். மூன்றாவது வருடம்தான், தலைமை எண்ணுநரான நோயேலியாவிடம் கேட்டாள்.

"இப்படிச் சுத்திக்கிட்டே இருக்கிறத எப்படிம்மா எண்ணுவ?"

"சுத்தும்போது எண்ண மாட்டோம், தோன்யா பெர்னா. மேல போனதும் வரிசையா நீண்டு வழுக்கிக்கிட்டு வரும் பாருங்க, அப்ப எண்ணுவோம். பத்துக்கு ஒரு அழுத்து, இந்தக் கருவியில." வயதில் மூத்தவள் என்பதால் 'தோன்யா' என்று மரியாதையோடுதான் கூப்பிடுவாள்.

அன்றிலிருந்து பெர்னார்தா விரிப்பு உதறிக்கொண்டே முணுமுணுவென்று எண்ண ஆரம்பித்தாள். சாயங்காலம் நோயேலியாவின் ஏட்டோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம் இருக்காது. பிறகு மதியச் சாப்பாட்டு நேரத்தில் எண்ணும் கருவி அவள் கைக்கு வந்தது.

அந்த வருடம் இறந்தோர் நாள் பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இன்னொரு எண்ணுநர் பண்டிகைக்கு ஊருக்குப் போனவர் திரும்பவில்லை. நோயேலியா காய்ச்சலில் மூன்றாம் மாடி அறையில் சுருண்டு கிடந்தாள். "நாலு மணி வரைக்கும் நீங்க பாத்துக்குறீங்களா?" என்றாள். குரலே எழும்பவில்லை. பெர்னார்தா ஈரத்துணிகளைக் கூடையிலேயே விட்டுவிட்டு மேலே போனாள்.

மூன்று நாள் அடித்த வாடைக்காற்று அன்று காலைதான் நின்றிருந்தது. தேங்கிக் கிடந்த பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பிவிட்டன. பத்து மணிக்குமேல் கட்டைவிரல் ஓயவில்லை. பகல் காவலாளி ஃபிதென்சியோ காப்பி கொண்டுவந்து வைத்தான்.

"சம்பளம் யாரு குடுப்பா? அந்தக் கழுகுங்களா?"

"பேசாத. எண்ணிக்கை போயிரும்."

பன்னிரண்டே முக்காலுக்குக் கைப்பேசி அடித்தது. ஹூஸ்டனிலிருந்து மகன் உலிசெஸ். ஏழு மாதமாகப் பேச்சே இல்லை. தன் தங்கை கல்யாணத்துக்கே அவன் வரவில்லையென்று அவள் ஏசியதிலிருந்து அப்படித்தான். வடக்கே ஒரு நீண்ட வரிசை அப்போதுதான் பிரிந்து வந்துகொண்டிருந்தது. பெர்னார்தா கருவியைக் கீழே வைத்தாள்.

"அம்மா, இன்னும் கோவமா?"

"அது போகட்டும். சாப்பிடுறியா ஒழுங்கா?"

"சாப்பிடுறேன். என்ன செஞ்சுக்கிட்டு இருக்கீங்க?"

"கழுகு எண்ணுறேன்."

அவன் சிரித்துவிட்டான். "இங்கயும் போச்சும்மா. கூரை வேலையில இருந்தப்ப பாத்தேன். கறுப்பா, கூட்டம் கூட்டமா."

"எத்தனை இருக்கும்?"

"அத யாரு எண்ணுனா!"

பிறகு அவன் ஆறு வாரம் கால் உடைந்து படுத்திருந்ததைச் சொன்னான். யாரிடமும் சொல்லவில்லையாம். அவள் கண்ணைத் துடைத்து நிமிர்ந்தபோது வரிசையின் வால் தெற்கே மறைந்துகொண்டிருந்தது.

"ரெண்டாயிரம்னு போட்டு விடுங்க, தோன்யா. கழுகு வந்து கணக்கு கேக்கப் போகுதா?" என்றான் காப்பிக் கோப்பையை எடுக்க வந்த ஃபிதென்சியோ.

ரெண்டாயிரம் ஏறக்குறைய சரியாகவே இருக்கும். அதுதான் அவளை உறுத்தியது. சரியாக இருக்கலாம், ஆனால் அவள் பார்த்தது இல்லையே. ஏட்டில் எழுதினாள்: 'பன்னிரண்டே முக்கால் முதல் பதினொரு நிமிடம் பார்க்கவில்லை. மகன் பேசினான்.'

சாயங்காலம் நோயேலியா படுத்தபடியே அதைப் படித்தாள். அந்த வரியை மறுபடியும் படித்தாள்.

"திட்டணும்னா திட்டிரும்மா," என்றாள் பெர்னார்தா.

"நானும் இப்படி விட்டிருக்கேன், தோன்யா பெர்னா. அம்மாவ ஆஸ்பத்திரியில சேத்த அன்னைக்கு அரை மணி நேரம் வானத்தையே பாக்கல. ஏட்டுல அத எழுதல. உத்தேசமா ஒரு எண்ணப் போட்டு வச்சேன்."

பெர்னார்தா அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இறங்கியிருந்தது. நோயேலியா எழுந்து உட்கார்ந்து, ஒரு எழுத்துகூட மாற்றாமல் அந்த வரியை அலுவலகத்துக்கு அனுப்பும் படிவத்தில் எழுதினாள். பிறகு ஏட்டைப் பின்னோக்கிப் புரட்டி, பழைய பக்கம் ஒன்றில் அன்று உத்தேசமாகப் போட்டிருந்த எண்ணைக் கோடு போட்டு அடித்தாள்.

அடுத்த இலையுதிர்காலத்தில் வாரம் மூன்று நாள் பெர்னார்தாவுக்குச் சம்பளத்தோடு எண்ணும் வேலை. உலிசெஸ் இன்னும் ஊருக்கு வரவில்லை. ஆனால் மாதம் இரண்டு முறையாவது கூப்பிடுகிறான். "ஞாயித்துக்கிழமை பேசு மகனே, மத்த நாள் மேல வேலை இருக்கு," என்று அவள் சொல்லியிருக்கிறாள்.