லாரிக்குப் பழகிய தொட்டாச்சிணுங்கி

கன்டெய்னர் லாரி ஒன்று கடந்து போனால், திருவொற்றியூரில் சாலையோரம் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டின் தரை உள்ளங்காலில் கூசும். அலமாரியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று உரசிக் கிலுகிலுக்கும். அப்போது நான் ஏழாம் வகுப்பு மாணவி. செடி ஒன்றைத் தினமும் பார்த்து நோட்டில் எழுதிவர வேண்டும் என்று அறிவியல் டீச்சர் சொல்ல, மீஞ்சூரில் பெரியம்மா வீட்டுக் கிணற்றடியில் இருந்த தொட்டாச்சிணுங்கி ஒன்றை மண்ணோடு தோண்டி, பெயிண்ட் டப்பாவில் வைத்து, ரயிலில் மடியிலேயே கொண்டுவந்தேன்.

ஜன்னலில் வைத்த முதல் நாள் அது லாரிக்கு லாரி இலைகளை மூடிக்கொண்டது. துறைமுகத்தில் சுமை இறக்கிவிட்டு வந்த நைனா, "இன்னாம்மா இது, எப்போ பார்த்தாலும் தூங்கிக்கினே கீது?" என்றார். இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை லாரி போனது, தட்டுகள் கிலுகிலுத்தன, இலைகளோ விரிந்தபடியே இருந்தன. செத்துவிட்டதோ என்று பயந்து விரலால் தொட்டேன், உடனே சுருங்கியது. மறுநாளும் அப்படித்தான். செடி லாரிக்குப் பழகிவிட்டது என்று எழுதினேன்.

டீச்சர் அந்தப் பக்கத்தில் குறுக்கே சிவப்புக் கோடு போட்டு, "செடிக்குப் பழக்கம்லாம் வருமா? கதை எழுதாதே. கிழிச்சிட்டு வேற எழுதிட்டு வா" என்று வகுப்பின் முன் சொன்னார்.

"நான் பார்த்தேன் டீச்சர். கிழிக்க மாட்டேன்."

கிழிக்கும்வரை வெளியே நிற்கச் சொன்னார். மூன்று நாள், அறிவியல் வகுப்பு நேரம் முழுக்க வராந்தாவில் நின்றேன். கால் வலித்தது, அழுகை வந்தது. பக்கத்தை மட்டும் கிழிக்கவில்லை. அம்மா, "டீச்சராண்ட இன்னாத்துக்கு பேஜாரு? கிழிச்சிப் போட்டுட்டுப் போயேன்" என்றாள். நைனாதான், "பொண்ணு கண்ணால பார்த்துக்கீது. வுட்டுடு" என்றார்.

நான்காம் நாள் பள்ளி விட்டதும் டீச்சர், "உங்க வீடு எங்கே?" என்று கேட்டு என்னோடு நடந்து வந்தார். ஜன்னலருகே உட்கார்ந்து, முந்தானையால் வியர்வையைத் துடைத்தபடி செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று லாரிகள் போயின. பிறகு ஒற்றை விரலால் தொட்டார். இலைகள் வரிசையாக மூடிக்கொண்டன. மறுநாள் வகுப்பில், "தப்பு என்னோடது" என்றார். என் நோட்டில் தன் சிவப்புக் கோட்டின் பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டார்.

பெரியம்மாவின் கிணற்றடி இப்போது சிமெண்டுத் தளம். சாலையை அகலப்படுத்தியபோது எங்கள் வரிசை வீடுகள் இடிபட்டன, எம்.கே.பி. நகருக்குக் குடிவந்து பல வருடம் ஆகிறது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நைனா நடுச்சாலையைக் காட்டி, "தோ, இங்கதான் நம்ம வூடு" என்கிறார். ஒவ்வொரு தடவையும் வேறு இடம். யார் தப்பாகச் சொன்னாலும் விடாத நான், அதை மட்டும் திருத்துவதில்லை.