மூத்த மகனின் கொள்ளி

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் பன்னிரண்டு வருஷம் பேசிக்கொள்ளவில்லை. அதில் கடைசி நாலு வருஷம் இருவருக்கும் நடுவே போய்வந்துகொண்டிருந்தவள் நான்தான்.

அப்பா மதுரையில் பஸ் டிப்போ மெக்கானிக். அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்டதோடு ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார். கல்யாணத்தைக்கூடத் தாத்தா பொறுத்திருப்பாராம். கும்பிடுகிற சாமியை மகன் மாற்றிக்கொண்டதைத்தான் அவரால் பொறுக்க முடியவில்லை. இனி இந்த வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார். அப்பாவும் மிதிக்கவில்லை. ஆனால் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு உசிலம்பட்டிக்கு பஸ் ஏறுவார். அங்கிருந்து டவுன் பஸ்ஸில் எழுமலை. தெருமுனை டீக்கடையில் அவர் உட்கார்ந்துகொள்ள, மூட்டுவலி மாத்திரையும் தைலமும் இருக்கிற பையைத் தூக்கிக்கொண்டு நான் மட்டும் தாத்தா வீட்டுக்குப் போவேன்.

தாத்தா பையை வாங்கி உள்ளே வைப்பார். "சாப்ட்டியா தாயி?" என்று கேட்பார். அவரோடு இருந்த அத்தை தோசை சுட்டுத் தருவாள். நான் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். யாரோடு வந்தாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. திரும்பிப் போனால் அப்பா விடமாட்டார். எழுந்து நடக்கிறாரா, குச்சி ஊன்றுகிறாரா, கால் வீங்கியிருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பார். எனக்கு அலுப்பாக இருக்கும். நடக்காத தாத்தாவைக்கூட நடக்கிறார் என்று ஒரே வார்த்தையில் சொல்லி முடித்த நாட்கள் உண்டு.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது தாத்தா இறந்தார். அம்மா இரண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்ததால் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. உசிலம்பட்டியில் இறங்கிப் பெரிய ரோஜா மாலையாக வாங்கினார். டவுன் பஸ்ஸில் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார். ஈரம் இறங்கி வேட்டி நனைந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

தெருமுனை வந்ததும் அவர் கால் நின்றுவிட்டது. டீக்கடை பூட்டிக் கிடந்தது. பூட்டிய கடை முன்னால் மாலையோடு நின்றுகொண்டிருந்தார். சித்தப்பா பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்தார். "வாண்ணே" என்றார். உள்ளே கூட்டிப் போனார்.

அப்பா அழவில்லை. மாலையைப் போட்டுவிட்டுத் தாத்தாவின் கால்மாட்டில் உட்கார்ந்து, முழங்காலை வேட்டியோடு சேர்த்து மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தார்.

மதியத்துக்கு மேல் பேச்சு கிளம்பியது. தாத்தாவுக்கு அண்ணன் முறையுள்ள ஒரு பெரியவர், "வேதக்காரன் எப்படிய்யா கொள்ளி வைக்கிறது? சின்னவனே வைக்கட்டும்" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது அத்தை அவிழ்ந்த கூந்தலோடு உள்ளேயிருந்து வந்தாள்.

"எங்கப்பா போன வாரமே சொல்லிட்டாரு. கொள்ளி மூத்தவன்தான் வைக்கணுமாம். எங்கிட்டு இருந்தாலும் அவனக் கூட்டியாரணும்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனாரு."

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். "ஒங்க சாமி ஒத்துக்குமாப்பா?"

"அப்பன் ஆத்தாளக் கனம்பண்ணச் சொல்லித்தான் பெரியப்பா அங்கயும் இருக்கு" என்றார் அப்பா. "நான் வைக்கிறேன்."

சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் போட்டிருந்த பலகையில் போய் உட்கார்ந்தார். நாவிதர் தண்ணீர் தெளித்துத் தலையைத் தேய்த்தார். நெற்றியிலிருந்து உச்சிவரை முதல் கோடு இறங்கியது.

செத்தவர்களுக்குச் சடங்கு செய்யக்கூடாது, செய்தால் ரட்சிப்பை இழந்துபோவோம் என்று ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பாடம் நடத்தும் அக்கா சொல்லியிருந்தாள். அம்மா அங்கே இருந்திருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பேன். அத்தனை கூட்டத்தில் எனக்கு நன்றாகப் பழகிய முகம் அப்பாவுடையது ஒன்றுதான். அதுவும் பாதி மாறிக்கொண்டிருந்தது. சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவரிடம் ஓடினேன்.

"வேணாம்ப்பா. இது பாவம்ப்பா. நீ நரகத்துக்குப் போயிருவ."

அந்நேரம் பார்த்துக் கொட்டுச் சத்தம் நின்றிருந்தது. நான் சொன்னது தெருவுக்கே கேட்டது. யாரோ சிரித்தார்கள். நாவிதர் கத்தியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்பா என்னைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தலையைத் துடைத்து, அப்படியே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"தம்பி, நீயே வையி."

"பச்சப்புள்ள பேச்சக் கேட்டா எந்திரிக்கிற?" என்று அத்தை கதறினாள். "அவரு கேட்டது இம்புட்டுத்தானேண்ணே."

"விடு தாயி" என்றார் அப்பா.

சித்தப்பா மொட்டையடித்துக் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை என்பதால் நான் வாசலிலேயே நின்று பார்த்தேன். கூட்டம் முழுக்கப் போன பிறகு, கடைசி ஆளாக, கொஞ்சம் தள்ளி, தலையில் துண்டோடு அப்பா போனார். யாரும் அவருக்காகத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு வீட்டைக் கழுவிவிட்டார்கள். என்னை யாரும் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்கவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரமாக அப்பாவின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்புகிற வழியில் உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சலூனுக்கு அப்பா கூட்டிப்போனார். என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நாற்காலியில் ஏறித் துண்டை அவிழ்த்தார். நடுவில் ஒற்றைக் கோடு ஓடிய தலையைக் கண்ணாடியில் பார்த்து சலூன்காரர் திகைத்துப்போனார்.

"என்னண்ணே இது, பாதியில விட்டுருக்கு? வேண்டுதலா?"

"எங்கப்பா எறந்துட்டாரு. முழுசா எடுத்துருங்க. மீசையும்."

சலூன்காரர் ஓடிக்கொண்டிருந்த டிவியை அணைத்துவிட்டு வேலையைப் பார்த்தார். முடிந்ததும் அப்பா ஈரத் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே சாய்ந்து கிடந்தார். அடுத்த ஆள் காத்திருந்தும் சலூன்காரர் அவரை எழுப்பவில்லை. எனக்குத்தான் பஸ் போய்விடுமே என்று இருந்தது.

"ஏம்ப்பா மொட்ட போட்ட?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"கோடு போட்ட தலையோட எப்படி டிப்போவுக்குப் போறது பாப்பா?" என்றார். சரியான காரணமாகத்தான் பட்டது.

வீட்டுக்கு வந்து குளித்ததும், வழக்கம்போல ஜெபத்துக்குப் பாய் விரித்தார். பாட்டுப் பாடவில்லை. "இன்னைக்கு நீ ஜெபம் பண்ணு" என்றார். எப்போதும் அவர்தான் செய்வார் என்பதால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு அம்மாவுக்காகக் கேட்டேன். பிறக்கப்போகிற பாப்பாவுக்காகக் கேட்டேன். கடைசியில், என் அப்பாவை இன்று பாவத்தில் விழாமல் காத்துக்கொண்டீரே, அதற்காக ஸ்தோத்திரம் என்று நல்ல சத்தமாகச் சொல்லி முடித்தேன்.

ஆமென் வரவில்லை. காத்திருந்தேன். கொஞ்சம் கழித்து, பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல மெதுவாக வந்தது.

கண்ணைத் திறந்து பார்த்தபோது அப்பா முழங்காலிட்டபடியே குனிந்து மொட்டைத் தலையைத் தரையில் வைத்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. நான் செய்ததற்காக அவரும் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன். அவரைத் தொந்தரவு செய்யாமல் எழுந்து போய், சாப்பாட்டுக்குத் தட்டுகளை எடுத்து வைத்தேன்.