மேஸ்திரியின் இடது பக்கம்

வீட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றி இறக்கும் அந்தக் குழுவில் நான்கு பேர் தூக்குவார்கள், ஒருவர் கத்துவார். கத்துகிறவர் மேஸ்திரி. சும்மா கத்துவதுதானே என்று நினைத்துவிடாதீர்கள்! பீரோவைத் தூக்கினவனுக்குப் பீரோவைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாது. படி எங்கே திரும்புகிறது, வீட்டுக்காரர் பூந்தொட்டியை எங்கே வைத்துத் தொலைத்திருக்கிறார் என்பதையெல்லாம் மேஸ்திரியின் குரலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் மேஸ்திரிக்கு அந்தக் குரல்தான் சோறு போட்டது. தூக்கித் தூக்கி இடுப்பு போன பிறகு கத்துகிற வேலைக்கு வந்தவர். அதுவும் போனால் வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அதற்கு வேட்டு வைக்க வெளியாள் யாரும் வரவில்லை, சொந்த மைத்துனனே வந்தான். வேறொரு குழுவிலிருந்து வந்து சேர்ந்தவன், வந்த சூட்டோடு முதலாளியின் காதில் ஓதிவிட்டான்.

"முதலாளி, மாமா தப்புத் தப்பா கத்துறாரு."

அன்று மாலை மாமனும் மைத்துனனும் போட்ட சண்டையில் தெருவே கூடிவிட்டது. ஜெயித்தது யாரென்று தெரியாது, மேஸ்திரிக்குத் தொண்டை அடியோடு கட்டிக்கொண்டது. முதலாளிக்கு வசதியாகப் போயிற்று. "நாளைக்கு அவனே கத்தட்டும். நல்லா செஞ்சான்னா அவனையே வச்சுக்குவோம்" என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு மேஸ்திரியே நாலாவது ஆளாகப் பீரோவைப் பிடித்தார். இரண்டாம் மாடி. கீழே முதலாளி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மைத்துனன் கணீரென்று கத்தினான். முதல் மாடி வரை நேர்ப்படிதான், அலுங்காமல் குலுங்காமல் ஏறியது.

படி திரும்புகிற இடம் வந்தது.

"இடது பக்கம் சாய்ங்க!" என்றான் மைத்துனன்.

நான்கு பேரும் ஒரே மூச்சில் வலது பக்கம் சாய்ந்தார்கள். சுவரில் பாதி காரை பெயர்ந்து மேஸ்திரியின் தலையில் விழுந்தது. பீரோ குறுக்கே சிக்கிக்கொண்டது.

"யோவ், இடது எதுன்னு தெரியாதா உங்களுக்கெல்லாம்?"

மேலே பிடித்திருந்த நெட்டையன் மூச்சு வாங்கினான். "தெரியும்ப்பா. ஆனா மேஸ்திரி இடதுன்னா அது வலது. பழகிப்போச்சு."

மேஸ்திரி திடுக்கிட்டார். தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. "என்னடா சொல்றே?"

"அண்ணே, ஆரம்பத்துலேர்ந்தே நீங்க மாத்தித்தான் சொல்வீங்க. கையில பிடிச்சுக்கிட்டிருக்கும்போது உங்களோட யாரு வாதம் பண்றது? நாங்களே மாத்திக்கிட்டோம்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"சொன்னா வருத்தப்படுவீங்கன்னுதான்."

வருத்தமாகத்தான் இருந்தது. வெட்கம் வேறு. ஆனால் பீரோ யாருடைய வெட்கத்துக்கும் காத்திருக்காது, கை மரத்துக்கொண்டு வந்தது. முதலாளி கீழிருந்து, "யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்கப்பா!" என்று அலறினார்.

மேஸ்திரி யோசித்தார். எந்தக் கையால் சாப்பிடுகிறோம் என்று பார்த்தார், மனசுக்குள் அதைத் திருப்பினார், மறுபடி ஒருமுறை திருப்பினார். "இடது" என்று கிசுகிசுத்தார். இரண்டு பேர் ஒரு பக்கம் போக, ஒருவன் மறுபக்கம் போனான். இன்னும் கொஞ்சம் காரை விழுந்தது.

"அண்ணே, கும்பிடறேன், யோசிக்காதீங்க!" என்றான் நெட்டையன். "எப்பவும்போல வாய்க்கு வந்ததைச் சொல்லுங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, "வலது" என்றார். எல்லோரும் இடது பக்கம் சாய்ந்தார்கள். வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி பீரோ திரும்பி மேலே ஏறியது.

முதலாளி தலையைச் சொறிந்தார். "டேய், நீ போய்ப் பீரோவைப் பிடி. அவரே கத்தட்டும்."

மைத்துனன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து மாமாவின் இடத்தில் பிடித்துக்கொண்டான். மாடி அறைக்குள் நுழைந்ததும், எந்தச் சுவரோரம் வைப்பது என்று எல்லோரும் மேஸ்திரியைப் பார்த்தார்கள். வீட்டுக்கார அம்மா வலது பக்கச் சுவரைத்தான் காட்டியிருந்தார்.

"இடது" என்றார் மேஸ்திரி.

முதலில் வலது பக்கம் திரும்பியவன் மைத்துனன்தான்.