நட்சத்திரம் தெரிகிற கூரை

நல்ல வீடு ஒன்றை வைத்துக்கொண்டு, அதன் வாசலிலேயே ஒழுகுகிற கொட்டிலைக் கட்டி, அதற்குள் போயிருந்து சாப்பிடுகிற மனிதர்களை நான் முதன்முதலில் பார்த்தது ஒஸ்லோவின் புறநகரான குரோருட்டில். அப்போது நான் நான்காம் வகுப்பு.

எங்கள் வீடு நான்காம் மாடியில். அவர்களுடையது நிலமாடியில், ஒரு துண்டுப் புல்தரையோடு. நோர்வேயில் ஆசிரியரைக்கூடப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு அது சரிப்படாது. அதனால் ஆறடி உயரமும் நீலக் கண்களுமாக இருந்த அந்த மனிதர் எங்கள் வீட்டில் கீழ்வீட்டு மாமா, அவருடைய மனைவி கீழ்வீட்டு மாமி. இப்படியொரு உறவு தங்களுக்கு மேல்மாடியில் முளைத்திருப்பது அவர்களுக்குத் தெரியாது. மாமா கணக்குப் படிப்பித்தார். மாமிக்கு மருந்துக்கடையில் வேலை. அவர்களின் ஒரே மகள் என் வகுப்பில் படித்தாள்.

தாங்கள் யூதர்கள் என்பதை அவள் எனக்கு இரண்டாம் வகுப்பிலேயே சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, பள்ளியில் யாருக்கும் சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எங்கள் பள்ளி முற்றத்தில் பந்தைத் தவறவிட்டவனைப் பெடியன்கள் யூதன் என்ற அந்தச் சொல்லால்தான் திட்டினார்கள். இனிப்பைப் பங்குபோட மறுத்தவனுக்கும் அதே சொல்தான். வீட்டில் கொண்டாடும் பண்டிகையைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ஆசிரியை ஒருநாள் கேட்டபோது, நான் பொங்கல் பானையைப் படமாகவே கீறிக் காட்டினேன். அவள் முறை வந்தது. அவள் மற்றவர்களைப்போலக் கிறிஸ்து பிறந்த நத்தாரைப் பற்றிச் சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் அவர்களுக்கு ஒரு வாரத் திருவிழா வரும். ஏதோ ஒரு காலத்தில் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடிய அவர்களின் முன்னோர் பாலைவனத்தில் குடிசைகளில் இருந்தார்களாம். அதை நினைத்துக் கொட்டில் கட்டி அதற்குள் சாப்பிட வேண்டும். வழக்கமாக நகரத்துக்குள் இருந்த தங்கள் ஆலயத்துக்குப் போய், அங்கே எல்லோருக்குமாகக் கட்டிய கொட்டிலில்தான் சாப்பிடுவார்கள். அந்த வருடம் ஆலய வாசலில் துவக்கோடு பொலிஸ் நின்றது. பைகளைத் திறந்து பார்த்தார்கள். தூரத்து நாட்டில் சண்டை மூளும்போதெல்லாம் இங்கே தங்களைப் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறது என்று மாமா அப்பாவுக்குச் சொல்லியிருந்தார். ஒஸ்லோவில் அவர்கள் மொத்தமே கொஞ்சப் பேர்தான். அந்தக் கொஞ்சத்திலும் பலர் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். என் தோழி துவக்குக்குப் பயந்து அந்த வாசலால் போகமாட்டேன் என்று அழுதாள்.

அப்படியென்றால் வீட்டு வாசலிலேயே கட்டுவோம் என்றார் மாமா. மாமிக்கு விருப்பமில்லை. அங்கே காவலுக்குப் பொலிஸ் நிற்கிறது, இங்கே யார் நிற்பார்கள் என்பது மாமியின் கேள்வி. ஒளித்து ஒளித்துக் கொண்டாடினால் பிள்ளை ஒளிக்கத்தான் பழகும் என்பது மாமாவின் பதில். இரண்டு பேர் சொன்னதும் சரியாக இருந்ததால் சண்டை முடிய நாளெடுத்தது.

இலையுதிர்கால விடுமுறையில் கொட்டில் எழுந்தது. மரச்சட்டங்கள், சுவருக்கு வெள்ளைப் படுக்கை விரிப்புகள், கூரைக்கு ஊசியிலை மரக் கிளைகள். நாங்கள் இரண்டு பேரும் கிளைகளை எடுத்துக் கொடுத்தோம். இரண்டாம் மாடிக் கிழவர் நாயோடு வந்தவர், இந்த முறை நத்தாருக்கு நேரத்தோடே ஆயத்தமோ என்று கேட்டார். மாமா சிரித்துச் சமாளித்தார்.

அப்பா பஸ் ஓட்டிவிட்டு வந்து பார்த்தார். மேலே வானம் தெரிந்தது. உடனே நிலவறைக்குப் போய், மழைக்கு மூடுகிற நீலத் தறப்பாளை எடுத்து வந்தார். மாமா நன்றி சொன்னார், ஆனால் வாங்கவில்லை. கூரைக்குள்ளால் நட்சத்திரம் தெரியவேண்டும், அதுதான் முறை என்றார். மழை வந்தால் என்ன செய்வீர்கள் என்று அப்பா கேட்டார். நனைவோம் என்றார் மாமா.

அப்பா தறப்பாளை மடித்துக்கொண்டு மேலே வந்தார்.

"படிச்ச மனுசன்," என்றார் அம்மாவிடம். "நனைவினமாம்."

அம்மா பல்கனியால் கீழே கொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமாக அப்பாவின் இப்படியான கதைகளுக்கு அம்மாதான் முதலில் சிரிப்பார்.

அன்று பின்னேரம் மாமி படியேறி வந்தார். நாளைக்குப் பொழுதுபட்டதும் விழா தொடங்குகிறது, நீங்களும் சாப்பிட வரவேண்டும் என்றார். அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி வேலைக்குப் போதுமான அளவுக்குத்தான் வரும். மற்றதற்கு நான். முன்னோர், பாலைவனம், குடிசை எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"சண்டையிலை இடம்பெயர்ந்து வன்னியிலை ஒரு மாரி முழுக்க நான் கொட்டிலுக்கை இருந்தனான். இனி ஒழுகிற கூரைக்குக் கீழை இருக்கிறேல்லை எண்டுதான் இஞ்சை வந்தனான். வரேலாது எண்டு சொல்லு, பிள்ளை."

அம்மாவுக்குத் தலையிடி என்று நான் மாமிக்கு மொழிபெயர்த்தேன்.

அடுத்த நாள் காலை தோழி மணியை விடாமல் அடித்து என்னைக் கூப்பிட்டாள். கொட்டிலுக்குக் கூரை இல்லை. கிளைகள் புல்தரை முழுக்கவும் வாகனத் தரிப்பிடம் வரைக்கும் சிதறிக் கிடந்தன. ஒரு விரிப்பு கிழிந்து தொங்கியது. இரவு காற்று அடித்தது உண்மை. ஆனால் பக்கத்திலிருந்த பிர்ச் மரத்தில் மஞ்சள் இலைகள் அப்படியே இருந்தன. காற்றுத்தான் என்றார் மாமா. இதைக் காற்று செய்யாது என்றார் மாமி. எது உண்மை என்று அன்றும் தெரியவில்லை, பிறகும் தெரியவில்லை. மாமா கத்தவில்லை, மாமி அழவில்லை. கழற்றிவிடுவோம் என்று மட்டும் மாமி சொன்னார். பிறகு கிளைகளுக்கு நடுவே, இரண்டு கைகளையும் தொங்கவிட்டபடி நின்றார்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் பல்கனியில் அம்மா நின்றார். கொஞ்ச நேரத்தில் அங்கே இல்லை.

அம்மா வீட்டுச் செருப்போடும் இரவு உடுப்புக்கு மேல் போட்ட குளிர்ச்சட்டையோடும் கீழே வந்தார். வெளியே போவதென்றால் கண்ணாடி பார்க்காமல் போகாத அம்மா. குனிந்து ஒரு கிளையை எடுத்தார், ஈரத்தை உதறினார், மாமியிடம் நீட்டினார். மாமி வாங்கவில்லை. அம்மா நீட்டிய கையை எடுக்கவுமில்லை. எனக்குத் தெரிந்த அம்மா எதையும் இரண்டாம் முறை கேட்காதவர். அந்தப் புல்தரையில் செருப்பு நனைய நனைய அவர் அப்படியே நின்றதை நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மாமி கிளையை வாங்கினார்.

பொழுது பட்ட பிறகு வேலை செய்யக்கூடாது என்பதால் அவசரமாக வேலை நடந்தது. மாமா ஏணியில் நின்றார். இரண்டு பெண்களும் கிளைகளைக் கொடுத்தார்கள். நாங்கள் தரிப்பிடம் வரை ஓடிப் பொறுக்கி வந்தோம். மதியத்துக்குப் பிறகு அப்பாவும் வந்து சேர்ந்தார், இந்த முறை தறப்பாள் இல்லாமல். இரண்டாம் மாடிக் கிழவர் ஒரு கயிற்றுச் சுருளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, திருப்பித் தரவேண்டும் என்று எச்சரித்துப் போனார். மாமி அம்மாவை மறுபடி கூப்பிடவில்லை. அம்மா தானாகவே வாழைப்பழச் சீப்பு ஒன்றோடு கீழே வந்தார். எங்கள் சட்டியில் சமைத்ததை அவர்கள் தங்கள் சமய முறைப்படி சாப்பிடமாட்டார்கள் என்பதை யாரும் சொல்லாமலே எப்படியோ ஊகித்திருந்தார்.

உள்ளே குளிர்ச்சட்டைகளோடு இருந்தோம். மாமி மெழுகுவர்த்திகளை ஏற்றியதும் வெள்ளை விரிப்புச் சுவர்களில் எங்கள் எல்லோருடைய நிழல்களும் பெரிதாக எழுந்தன. மாமா திராட்சைரசக் கிண்ணம் ஒன்றைக் கையிலெடுத்துப் பாடத் தொடங்கினார். படியில் கண்டால் குளிரைப் பற்றி மட்டும் கதைக்கும் அந்த மனிதருக்குள் அப்படியொரு குரல் இருந்தது எனக்குத் தெரியாது. பாட்டோடு சேர்ந்து அவர் மூச்சும் வெள்ளையாக மேலே போனது. என் தோழியும் பாடினாள். பள்ளியில் நத்தார் கதை சொன்ன அதே வாயால், எனக்கு ஒரு சொல்கூட விளங்காத மொழியில், கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்கப் பாடினாள். பார்வையை மேலே திருப்பினேன். கிளைகளுக்கு நடுவில் ஒரு நட்சத்திரம் உண்மையாகவே நின்றது.

சூப்பு குடிக்கும்போது அம்மா கூரையைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்.

"மழை வந்தா என்ன செய்வினம் எண்டு கேள்."

அப்பாவின் கேள்விதான். ஆனால் நான் மாமியிடம் கேட்டதும், மாமி அப்பாவுக்குக் கிடைத்த பதிலைச் சொல்லவில்லை. அம்மாவைப் பார்த்தே சொன்னார். நான் இடையிலிருந்து சொல்லிக்கொண்டு போனேன்.

"கன மழையெண்டா உள்ளை போயிடுவினமாம். போறதுக்கு இப்ப ஒரு வீடு இருக்காம். அவவின்ரை அம்மம்மாவுக்கும் வீடு இருந்ததாம். இந்த ஊரிலைதானாம். ஜேர்மன்காரர் இந்த நாட்டைப் பிடிச்ச போர்க் காலத்திலை பொலிஸ் வந்து அந்த வீட்டிலை வைச்சுத்தான் பிடிச்சுக்கொண்டு போனதாம். கப்பலிலை ஏத்தினதாம். திரும்பி வரேல்லையாம். அவவின்ரை அம்மாவை மட்டும் ஆரோ காட்டுக்குள்ளாலை சுவீடனுக்குத் தூக்கிக்கொண்டு போனவையாம். அம்மாக்கு அப்ப ரெண்டு வயசாம்."

எல்லாச் சொல்லும் எனக்கு இரண்டு மொழியிலும் தெரிந்திருந்தது. ஒன்றையும் தடக்குப்படாமல் மொழிபெயர்த்ததில் எனக்குப் பெருமைகூட. அம்மா என்னைப் பார்க்கவில்லை. மேசைக்கு மேலால் கையை நீட்டி மாமியின் கையைப் பிடித்தார். தனக்குத் தெரிந்த நோர்வேஜியச் சொற்களில், என் உதவியில்லாமல், "வீடு நல்லது," என்றார். மாமி தலையாட்டினார். இரண்டு பேரும் கையை எடுக்கவே இல்லை. சூப்பு ஆறிக்கொண்டிருந்தது.

நாங்கள் படியேறி மேலே வந்தோம். எங்கள் கதவுக்கு முன்னால் அம்மா திறப்பைப் பூட்டுக்குள் போட்டார், ஆனால் திருப்பவில்லை. மற்றக் கையைக் கதவில் விரித்து வைத்தார், காய்ச்சல் பிள்ளையின் நெற்றியில் வைப்பதைப்போல. அப்படியே நின்றார். படி விளக்கு தானாக அணைந்தது. அப்பா அதைத் திரும்பப் போட்டார்.

எனக்குக் கால் விறைத்துக்கொண்டிருந்தது. அம்மா திறப்பை மாறிப் போட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"அது நிலவறைத் திறப்பாக்கும் அம்மா," என்றேன். "மற்றதைப் போட்டுப் பாருங்கோ."